அறுபத்திரண்டு மடிப்பு

கடைசியா அவளை உசுரோட பாத்தப்ப நான் மடிப்பு எண்ணிக்கிட்டிருந்தேன், தம்பி. சட்டை மடிப்பு இல்ல, ஏர் ஃபில்டர் மடிப்பு. அட, நீங்க ஏன் எழுந்திரிச்சுட்டீங்க, உக்காருங்க. என் வீட்டுக்காரியைத்தான் சொல்றேன். காரு எத்தனை நாளா நிக்குதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் பதில். அன்னிலேருந்து நிக்குது. பதினொரு மாசம்.

பழசு இந்தப் பையிலதான் இருக்கு. குடுக்கிறேன், இருங்க. குடுத்தா பக்கத்துல வெச்சுப் பாத்து அதே அளவுல எடுத்துத் தருவீங்க, தெரியும். அப்புறம் பழசை அந்த டப்பாவுல வீசிடுவீங்க, அதுவும் தெரியும். முன்னாடி வந்தவரோடதை இப்பத்தானே வீசினீங்க. தூசி பறந்து அவரு கண்ணைக் கசக்கிக்கிட்டே போனாரு பாவம். அதனாலதான் நான் அட்டையில வரைஞ்சு கொண்டு வந்தேன். இந்தாங்க. நீளம், அகலம், உயரம், ஓரத்து ரப்பர் கனம் எல்லாம் எழுதியிருக்கேன். இது போதாதா? சரி, சரி, அப்புறம் தரேன். இல்ல, கிளிப்பெல்லாம் வேணாம். ஃபில்டர் மட்டும்.

இன்னிக்கு வாங்காம போக முடியாது. பொண்ணு கெடு வெச்சுட்டா. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட்டிக் காட்டுங்கப்பா, இல்லைன்னா ஆளைக் கூட்டிட்டு வந்து வித்துடறேன்னுட்டா. மருமகன் வேற, மாமனார் வண்டியில பூனை குட்டி போட்டிருக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. அபாண்டம் தம்பி. ஒரு பூனை வந்துச்சு, உள்ள எட்டிப் பாத்துச்சு, அதுக்கே பிடிக்கல, போயிடுச்சு. நேத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேட்டரி மாத்தியாச்சு, பழைய பெட்ரோலை எடுத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.

உங்க கடைக்கு நாலாவது தடவை வர்றேன். ஞாபகம் இருக்கா? இருக்கும். போன தடவை என்னைப் பாத்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டீங்க. அப்ப மணி பத்தரை.

ஐயோ, தப்பா எடுத்துக்கல. நான் உங்க இடத்துல இருந்தா ஒன்பதுக்கே போயிருப்பேன்.

இந்த மூணையும் அப்படியே வரிசையா வைங்க. இது காகிதம், இது கம்பெனி காகிதம், இது பஞ்சு. பஞ்சு மருமகன் கட்சி. கழுவிக் கழுவிப் போடலாமாம், எண்ணெய் தடவணுமாம், வண்டிக்கு நாலு குதிரை சக்தி கூடுமாம். எங்க வண்டி வீட்டுலேருந்து ஆஸ்பத்திரி லேபுக்குப் போகும், அங்கேருந்து காய்கறிக் கடைக்குப் போகும், திரும்ப வரும். இதுக்கு நடுவுல அந்த நாலு குதிரையை நான் எங்க கட்டி வைக்கிறது? எண்ணெய் கூடிப்போச்சுன்னா உள்ள இருக்கிற சென்சார் கெட்டுடும்னு மெக்கானிக் சொல்றாரு. மெக்கானிக் கம்பெனி காகிதத்துக் கட்சி. ஏங்க அதுன்னு கேட்டேன். அதான் சார் ஒரிஜினல்னாரு. ஒரிஜினல்னா என்ன விசேஷம்னு கேட்டேன். அது ஒரிஜினல் சார்னாரு. அதுக்கு மேல எப்படி வாதாடுறது?

மாடி வீட்டுக்காரரு இருக்காரு. அவரு தனிக்கட்சி. வாங்கவே கூடாதும்பாரு. டயர் கடைக் காத்தை உள்பக்கத்துலேருந்து பீச்சினா பத்து வருஷம் வருமாம். அவரு வண்டி புகை விட்டுச்சுன்னா எங்க வீட்டுல துணி காயப்போட முடியாது. ஆனா நல்லா பேசுவாரு.

நெட்டுல பாக்கலையான்னு கேக்காதீங்க. பாத்ததுதான் வினை. ஒருத்தன் நாப்பத்திமூணு நிமிஷம், ஃபில்டர் மேல மாவைக் கொட்டி, அடியில கறுப்புத் துணி விரிச்சு, எது எவ்வளவு மாவை விடுதுன்னு காட்டுறான். நான் மாவுலயா வண்டி ஓட்டப்போறேன்? ஆனா முழுசா பாத்தேன். ரெண்டு தடவை. அப்புறம் வாங்கினவங்க எழுதுறதைப் படிச்சேன். ஒருத்தரு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காரு. பார்சல் சொன்ன நாள்ல வந்தது, இன்னும் பிரிக்கவில்லை. இன்னொருத்தரு ஒத்தை நட்சத்திரம். என் வண்டிக்குப் பொருந்தவில்லை, என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். இதையெல்லாம் நான் நோட்டுல எழுதி வெச்சேன் தம்பி. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. அவளும் சிரிச்சா.

அவ லேபுல ரத்தம் எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ஊசி குத்துவா. யோசிக்கிற ஆளு இல்ல. நரம்பு தெரிஞ்சா குத்து, அவ்வளவுதான். வண்டி இழுக்க மாட்டேங்குது, ஃபில்டர் அடைச்சிருக்கு, ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு என்கிட்ட சொன்னா. சொல்லி மூணு வாரம் ஆச்சு. நான் ஆராய்ச்சி பண்றேன். என்னைக் கட்டிக்கிறதுக்கு அரை மணி நேரத்துல சரின்னுட்டீங்க, ஒரு மடிச்ச காகிதத்துக்கு மூணு வாரமான்னு கேட்டா. அப்ப மாவு வீடியோ இல்லடின்னேன். இருந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்னா. யாரைச் சொன்னான்னு இன்னும் புரியல.

மடிப்பா? ஆமா, அதைச் சொல்லல இல்ல. மடிப்பு எத்தனை அதிகமோ அவ்வளவு நல்லதுன்னு எங்கேயோ படிச்சேன். நம்மளோடதுல எத்தனைன்னு தெரியாம எப்படி ஒப்பிட்டுப் பாக்கிறது? அதனால முந்தின நாள் சாயங்காலமே கழட்டி எடுத்துக்கிட்டு வந்து மேசை மேல வெச்சேன். காலையில காபியோட உக்காந்து எண்ண ஆரம்பிச்சேன். அவளுக்கு ஏழு மணி ஷிஃப்டு. கையில சாவியோட வந்து நிக்கிறா. மாட்டுங்க, நேரமாச்சுங்கிறா. நான் நாப்பத்தேழுல இருக்கேன். அஞ்சு நிமிஷம்னேன். ஒரு நாளைக்கு அது இல்லாம ஓட்டினா என்னன்னா. விடுவேனா? ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காத்து இழுக்கும், அத்தனை தூசியும் உள்ள போகும், என்ஜின் என்னத்துக்கு ஆகும்னு ஒரு பிரசங்கம் பண்ணேன். பண்ணிட்டு, உன்னால எண்ணிக்கை விட்டுப்போச்சு பாருன்னு எரிஞ்சும் விழுந்தேன்.

அவ பதிலுக்குச் சண்டை போடல. சாவியை ஆணியில மாட்டினா. பையை எடுத்தா. மேட்டுத் தெருவைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப். கதவுகிட்ட நின்னு, எண்ணி முடிச்சுட்டு எத்தனைன்னு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கன்னா. கேலிக்குத்தான் சொன்னா. நான் தலையைத் தூக்கல. பென்சில் முனையை ஒரு மடிப்புல வெச்சிருந்தேன், எடுத்தா இடம் தப்பிடும்.

என்ஜினுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. நேத்து மெக்கானிக் பாத்துட்டு, புதுசு மாதிரி இருக்கு சார்னாரு.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். டாக்டர் சொல்லிட்டாரு. வண்டியில போயிருந்தாலும் மாரடைப்பு வந்திருக்கும், ஓட்டும்போது வந்திருந்தா இன்னும் நாலு பேருக்கு ஆபத்துன்னாரு. பொண்ணும் அதையேதான் சொல்றா. மருமகனும். மாடி வீட்டுக்காரரு கூட இந்த ஒரு விஷயத்துல தனிக்கட்சி இல்ல.

மேடு ஏறிப் போயி ஸ்டாப்புல பெஞ்சுல உக்காந்திருக்கா. ஒரு பஸ் வந்து நின்னு போயிருக்கு. ரெண்டாவது பஸ் டிரைவர்தான், இந்தம்மா ஏன் இப்படிச் சாஞ்சிருக்காங்கன்னு இறங்கி வந்து பாத்திருக்காரு. அந்த நேரத்துக்குத்தான் நான் முதல்லேருந்து ரெண்டு தடவை சரிபாத்து எண்ணி முடிச்சேன். ஃபோன் போட்டேன். எடுத்ததும், அறுபத்திரண்டுடின்னேன்.

எடுத்தது டிரைவர்.

அவரு என்ன சார்னு கேட்டாரு. நான் திரும்பவும் அறுபத்திரண்டுன்னேன். நம்ம ஆளு விளையாடுறா, யார்கிட்டயோ ஃபோனைக் குடுத்துட்டான்னு நெனைச்சேன். மூணாவது தடவையும் சொன்னேன். அவரு பொறுமையான மனுஷன்.

அதான் தம்பி, நாலு தடவை வந்துட்டேன். வந்து அதைக் காட்டுங்க, இதைக் காட்டுங்கன்னு ஏதாவது கேட்டுட்டுப் போயிடறது. வாங்கிட்டா மாட்டுற வேலை அஞ்சு நிமிஷம், அன்னிக்கும் அவ்வளவுதான். அது தெரிஞ்சு போச்சு இல்ல.

இன்னிக்கு ஒண்ணு பண்ணுங்க. நான் தெருப்பக்கம் திரும்பி நிக்கிறேன். கைக்கு எது முதல்ல வருதோ அதை எடுத்துப் பையில போட்டுடுங்க. எதுன்னு சொல்லாதீங்க. மடிப்பு எத்தனைன்னு நான் கேட்டாலும் சொல்லாதீங்க. ஆச்சா? ஆச்சு. பாத்தீங்களா, எவ்வளவு நேரம் ஆச்சு? என் நரம்பை ஒரே குத்துல கண்டுபிடிச்சுட்டீங்க.

இந்தாங்க பழசு. அளவு சரிதானா? சரி. போட்டுடுங்க டப்பாவுல. போடுங்க தம்பி, ஒண்ணும் இல்ல, அதுல இருக்கிறது தூசிதான்.

என்னது? ஃபில்டர் மூடியோட கிளிப்பா? ஆமா, இந்த மாடல்ல அது உடையும், எங்களோடதும் உடைஞ்சுதான் இருக்கு. வேணாம். சும்மா குடுத்தாலும் வேணாம். நாலுல மூணு நல்லா இருக்கு. நாலாவது இடத்துல அவ தலைமுடிக்குப் போடுற ரப்பர் பேண்டை ரெண்டு சுத்து சுத்தி மாட்டியிருக்கா. கறுப்பு. நேத்து இழுத்துப் பாத்தேன், இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு.