அந்தரத்தில் விட்ட கால்

இந்த விசாரணை அறை நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. ஆபீஸில் எனக்குக் கை உடைந்த நாற்காலிதான். மாற்றித் தரச் சொல்லி நானும் கேட்டதில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு மூச்சுவிட உதவும் இயந்திரம் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதில் ஒரு சிப், சிப்புக்கு வரிசையாகச் சின்னக் கால்கள். கரண்ட் வந்து புரோகிராம் கண்விழிக்கும்வரை ஒவ்வொரு காலும் எந்த நிலையில் நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எழுதுகிறவன் நான். எழுதாமல் விட்டால் அந்தக் கால் அந்தரத்தில் நிற்கும். ஈரக்காற்று பட்டாலே போதும், யாரோ உத்தரவு போட்டதாக நினைத்துக்கொள்ளும்.

ஒருமுறை நிறுத்தும் பட்டனுக்குரிய காலை மறந்துவிட்டேன். கரண்ட் போய்வந்ததும், யாரோ பட்டனை அழுத்தியதாக எண்ணி இயந்திரம் நின்றுவிட்டது. மனிதர் நிறுத்தினால் அலாரம் அடிக்காது. சோதனைப் பிரிவுப் பெண் போர்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, உங்க பிள்ளை மௌன விரதம் இருக்கு. என்னன்னு கேளுங்க."

அத்தனை வருஷத்தில் என் மேஜையருகே சிரித்த முதல் ஆள் அவள்தான். டீ குடித்தாள். அப்பாவோடு தனியாக இருப்பதாகவும், அவருக்கு மூச்சு சிரமம் என்றும் சொன்னாள். நான் காலைச் சரிசெய்து கொடுத்தேன். அதன்பிறகு அவள் வரவில்லை. வர ஒரு காரணமும் இல்லையே. எனக்கு அது தாங்கவில்லை.

அடுத்த தயாரிப்பில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டேன். மறுபடி வந்தாள். அவள் டீ வாங்கப் போகும்போது நான் நிறுத்தும் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுவேன், உயிர் வந்துவிடும். நின்றுபோன இயந்திரத்தில் நிறுத்தும் பட்டனை அழுத்த யாருக்குத் தோன்றும்? "ஈரம்தாம்மா" என்பேன். என்னை நம்பி, சரி என்று கையெழுத்துப் போடுவாள். விற்பனைக்குப் போகுமுன் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

பிறகு ஒருநாள் வந்து நின்றாள். "அப்பாவுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போறேன் அண்ணா. நம்ம கை பட்டது, தைரியமா இருக்கலாம்."

சொல்ல வாயெடுத்தேன். ஆனால், "ஏதாவதுன்னா எனக்குப் போன் பண்ணும்மா" என்றுதான் வந்தது.

"உங்களை விட்டா யாருக்குப் பண்ணப்போறேன்?"

அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, மனசு அப்படி நிறைந்திருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போன் அடித்தது. என் வீட்டில் போன் அடிப்பது அபூர்வம். கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன்.

"அண்ணா, கரண்ட் வந்துடுச்சு, லைட்டும் எரியுது, காத்து மட்டும் வரலை. அப்பா தூங்குறார்னு நெனச்சேன். உதடெல்லாம் நீலமா இருக்கு. ஆம்புலன்ஸும் வரலை. என்ன பண்ணட்டும்?"

நிறுத்தும் பட்டனை அழுத்தும்மா என்றால் முடிந்தது. ஆனால் சொன்னதும் போனை வைத்துவிடுவாள். "பதறாதே, நானே நேர்ல வரேன்" என்றேன். முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போகிறேன், ஐயா. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வெறுங்கையோடு போவது அழகில்லை என்று வழியில் பழமும் வாங்கினேன்.

கதவைத் திறந்தவள், "இனிமே அவசரமில்லண்ணா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருட்டும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் தனியாகிவிடக் கூடாதே என்று நானும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கிற சுபாவம் எனக்கில்லை.

அதற்கடுத்துச் செய்த இயந்திரங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவையும் பல வீடுகளுக்குப் போய்விட்டன. அவற்றில் நான் விட்டது வேறொரு கால், உயிர் வரவைக்கும் வழியும் வேறு. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்கிறேன், ஐயா, சொல்லாமல் எங்கே போகப்போகிறேன்? நாளைக்கு வாருங்கள். முடிந்தால் டீயும் வாங்கி வாருங்கள், உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.