கரைக்கு வராத விரால்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் பேருந்தில், மடியில் தூண்டில் பையோடு எனக்கு முன்னே அமர்ந்திருந்தவர் தம் மனைவியின் தம்பியிடம் முழங்கிய சொற்கள், இஞ்சினின் இரைச்சலையும் வென்று என் செவிக்கு வந்து சேர்ந்தன.

“அரை மணி நேரம் ரீலைச் சுத்துறேன் மாப்ள, விரால் ஒரு சாண்கூட கிட்ட வரல! அவ்ளோ பெருசு. கடைசியில நாந்தான் தூண்டில் நரம்பை அறுத்து விட்டேன்.”

“புதுசா வாங்குன பின்னல் நரம்பா மச்சான்? ரீல்ல மொதல்ல டேப்பு ஒட்டிட்டுத்தான சுத்துனீங்க?”

“டேப்பு எதுக்கு?”

“பின்னல் நரம்பு வழவழன்னு இருக்கும். வெறும் ரீல்ல சுத்துனா மொத்தமா வழுக்கி, இருந்த எடத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். பழஞ்செருப்பு மாட்டியிருந்தாக்கூட வந்திருக்காது!”

சிமெண்ட் லாரி ஒன்று எங்களைக் கடக்க, அவர் பையைத் திறந்து ரீலை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் அந்த மீனோட மல்லுக்கட்டுறதப் பாக்க உங்கப்பா வராரே மாப்ள.”

“அதுக்கென்ன? அரியலூர்ல எறங்குன ஒடனே டேப்பு வாங்கிடலாம்.”

“வேணாம், வேணாம். டேப்பு ஒட்டுனா பொடி மீனெல்லாம் கரைக்கு வந்துடும். மாமா ஊருக்குத் திரும்புற வரைக்கும் அது பெரிய விராலாவே இருக்கட்டும்.”