டைனோசருக்கு முட்டி எங்கன இருக்கு

சிரிக்காதீய அண்ணாச்சி, டைனோசருக்கும் கோழிக்கும் கால் ஒரே மாதிரிதான். இருவது வருசமா கோவில்பட்டியில கோழிக்கடை வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கோழிக்குப் பின்னால மடங்குதுல்லா, அது முட்டி கிடையாது, கணுக்கால். முட்டி அதுக்கும் மேல, தொடையும் லெக்பீசும் சேருத இடத்துல ஒளிஞ்சு கெடக்கும்.

எம் பொண்டாட்டி யோகலட்சுமி தீப்பெட்டி லேபிளுக்குப் படம் போடுதவ. டைனோசர்னா உசுரு. ஒண்ணு வரைஞ்சு காட்டுனா. மனுசன் கால வெட்டி ஒட்டுன மாதிரி இருந்துச்சு. சொன்னேன். நீங்க கோழியப் பாருங்கன்னுட்டா. கோழியப் பாத்துத்தாம்மா சொல்லுதேன்னா, கேக்கணுமே!

ஃபேஸ்புக்ல இதுக்குன்னே ஒரு குரூப்பு. படத்தப் போட்டா, எலும்பு சரியில்ல, தோலு சரியில்லன்னு ஆளாளுக்குச் சொல்லுவாவ. இவளும் திருத்தித் திருத்திப் போடுவா. அங்கன டைனோசர் ஆராய்ச்சி டாக்டர் சண்முகராஜ்னு ஒருத்தர். நான் சொன்ன அதே முட்டியத்தான் அவரும் சொன்னாரு. உடனே, கண்ணத் தொறந்துட்டீங்க சார்னு எழுதுதா! வால் தரையில தேயக் கூடாதுன்னாரு. அடுப்புல பால் பொங்குதது கூடத் தெரியாம உக்காந்து திருத்துனா.

சும்மா சொல்லக் கூடாது, இப்பம் படம் எந்திரிச்சு ஓடி வார மாதிரி இருக்கு. ஒரு பள்ளிக்கூடத்துல சுவரு முழுக்க வரையக் கூப்ட்டிருக்காவ. திங்கக்கிழமை ஆரம்பிக்கணும். இவ என்னடான்னா, டாக்டர் நேர்ல பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பிரஷ்ஷத் தொடுவேன்னு நிக்கா. இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கே அவரைக் கூப்ட்டுட்டா. அவரும் என்ன செய்வாரு, வாரேன்னுட்டாரு.

அவரா? இந்தா, ஒங்க பக்கத்து சீட்டுலதான் இருக்காரு.

ஆமா அண்ணாச்சி, நாந்தான். பொய் ஐடி. ஏன் நகருதீய? காலையிலருந்து ஆள் தேடி இந்த பஸ்ஸுல சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் மூணு நடை போயிட்டு வந்துட்டேன். தாடி, கண்ணாடி, இன் பண்ணுன சட்டை, எல்லாம் சேந்து ஒங்ககிட்டதான் இருக்கு. ஒரு மணி நேரம் டாக்டரா இருங்க, போதும். நாட்டுக்கோழிக் கொழம்பு. சாப்ட்டுட்டு, படம் நல்லாருக்கும்மான்னு ஒரு வார்த்தை.

பயப்படாதீய, ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. டைனோசருக்கு உள்ளங்கை கீழ பாத்துருக்கணும்னு டாக்டர் எழுதிட்டாரு. இவ ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு பாக்க மாதிரி வரைஞ்சிருக்கா. பொறவு படிச்சுப் பாத்தேன், இவ போட்டதுதான் சரியாம். கோழிக்குக் கை ஏது, எனக்கு எப்படித் தெரியும்? நீ போட்டதுதாம்மா சரி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு நீங்க சொல்லிருங்க.

நான் சொன்னா நம்ப மாட்டா.