நாளைய நிறம்

வகிட்டை நடுவில் எடுக்காதீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. உங்களுடையது வட்ட முகம். ஓரத்தில் எடுத்து முன்முடியைக் கொஞ்சம் தூக்கி விட்டால் முகம் நீளும். குறையாகச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தை அளக்காமல் என்னால் இருக்க முடியாது. தொழில் அப்படி.

காகிதம் கேட்டதற்குக் காரணம் உண்டு. காலையில் உங்கள் எழுத்தர் படித்துக் காட்டியதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. என் மகன் தன் மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்பது ஒன்று. பிணத்தின் கழுத்தில் நான் பூச்சுப் பூசித் தடயத்தை மறைத்தேன் என்பது இன்னொன்று. முதலாவது என் குடும்பத்துக்கு இழுக்கு, மற்றது என் கைக்கு இழுக்கு. இரண்டையும் திருத்தத்தான் எழுதுகிறேன். யாரும் மிரட்டி எழுதவில்லை. என்னை மிரட்டக்கூடியவர் இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன.

இந்த ஊரில் என் அழகு நிலையத்தைத் தெரியாதவர்கள் இல்லை. நான் அலங்கரித்த கல்யாணப் பெண்களின் பெண்களையும் நானே அலங்கரித்திருக்கிறேன். அதே தெருவில் என் மகன் பல் டாக்டர். நடுங்கிக்கொண்டு வரும் குழந்தைகூட அவன் நாற்காலியில் சிரித்தபடி வாயைத் திறக்கும். அவன் அப்பா பள்ளி முதல்வராக இருந்தவர். அவர் நடந்து வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். இப்படி ஒரு குடும்பத்தின் பக்கத்தில் கொலைகாரன் என்ற சொல்லை வைக்க முதலில் கை கூச வேண்டும்.

அழகு என்றால் எதையோ கொண்டுவந்து சேர்ப்பது என்று நினைக்கிறார்கள். பார்க்கிறவர் கண்ணை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் அழகு. இடுப்பு பருத்தவளுக்கு மேலே வெளிர் நிறம், கீழே அடர் நிறம். குள்ளமானவளுக்கு நெடுக்குக் கோடு. மூக்கு அகலமா, இரண்டு பக்கமும் நிழல் போட்டு நடுவில் வெளிச்சமாக ஒரு கோடு இழுத்தால் போதும். குறை அங்கேயேதான் இருக்கும். கண் மட்டும் அங்கே போகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். பரிமாறுகிறவளுக்குக் கை தெரிந்திருக்க வேண்டும்.

மருமகள் வந்தபோது நீச்சல் குளத்தில் பெண் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். நல்ல உயரம், நல்ல பல் வரிசை, தோள்தான் ஆண்பிள்ளை மாதிரி அகலம். நான் அவளை விடவில்லை. கழுத்து ஆழமாக இறங்கும் கருநீலச் சட்டை, கீழே விரிந்த பாவாடை. தோள் பாதியானது, இடுப்பு தானாக வந்தது. கண்ணாடியைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"அத்தை, இந்தத் தோளை வெச்சுத்தான் நான் சம்பாதிக்கிறேன். அதையே காணாமப் பண்ணிட்டீங்களே."

"சம்பாதிக்கிறது குளத்துல. இங்க நீ டாக்டர் பொண்டாட்டி."

"அப்ப டாக்டர் பொண்டாட்டிக்குத் தோள் கிடையாதா?"

நல்ல வாய். அந்த வாய்தான் அவளுக்கு வினையாயிற்று.

என் மகனுக்குக் கோபம் வரும். அவன் அப்பாவுக்கும் வரும். கையும் மூளையும் ஓயாமல் வேலை செய்கிற ஆண்களுக்கு வருவதுதான். முதல் முறை கன்னத்தில். அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்றாள். நான் அவளை என் நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தைத் துடைத்து, வேலையைத் தொடங்கினேன். புதுக் காயம் சிவப்பாக இருக்கும், அதற்குப் பச்சை. பிறகு நீலம் எழும், அதற்கு ஆரஞ்சு. ஊதாவாக மாறினால், அதற்கு மஞ்சள். அதன் மேல் அவரவர் தோல் நிறத்தை ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. முடித்துக் கண்ணாடியைக் காட்டினேன். கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நடந்ததா இல்லையா என்று அவளே குழம்பிப்போனாள். அன்று அவள் போகவில்லை.

இதை எங்கே படித்தீர்கள் என்று பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் கேட்டார். எங்கும் படிக்கவில்லை. பள்ளி முதல்வர் வீட்டில், என் முகத்திலேயே பழகினேன். அவர் கண்மூடும் வரை ஒரு பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. அவர் இறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மனுஷனோடு வாழக் கொடுத்து வைத்தவள் என்று அழுதார்கள். நான் அன்றும் நிமிர்ந்துதான் நின்றேன்.

குளத்துத் தண்ணீரில் எந்தப் பூச்சும் நிற்காது. அதனால் வேலையை விடச் சொன்னேன். விட்டாள். கைகளுக்கு நீளக் கை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கழுத்துக்கு மெல்லிய துண்டு, முடிச்சு பக்கவாட்டில். பார்க்கிறவர் கண் முடிச்சில் நிற்கும், கழுத்துக்கு வராது. கண்ணுக்குக் கீழே என்றால் உதட்டில் அடர் சிவப்பு. எல்லோரும் உதட்டைத்தான் பார்ப்பார்கள். ஊரில் பெண்கள் அவளைப் பார்த்து அதே மாதிரி கழுத்தில் துண்டு கட்டத் தொடங்கினார்கள். வியாபாரத்துக்கும் நல்லதுதான்.

என் நிலையத்தில் வேலை செய்த ஒருத்திக்குக் குண்டூசி என்று பெயர். உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. ஒருநாள் வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக் கதவு உங்க மருமகளை மட்டும் தேடித் தேடி இடிக்குதே. அதுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா அடங்குமோ?"

"கிளிப்பை எடுத்துட்டுப் பேசு. முழுங்கிடப் போறே."

"நான் எத்தனையோ முழுங்கிட்டேன்க்கா. இது என்ன, சின்ன கிளிப்பு."

அவளை அனுப்பிவிட்டேன். பதினைந்து விரல் போட்டுச் செய்யும் வேலையைப் பத்து விரலில் முடிக்கிறவள். ஆனாலும் அனுப்பினேன். ஊர் வாயை மூட முடியாது. நம் கூரைக்குக் கீழே இருக்கிற வாயை மூடலாம்.

மருமகளின் அப்பாவும் ஒருமுறை வந்திருந்தார். வண்டி ஓட்டுகிறவர் அல்லவா, எதைப் பார்த்தாலும் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கிற கண்.

"ஏம்மா, இந்த வெயில்ல கழுத்துல துணி?"

"ஸ்டைலுப்பா. அத்தை சொல்லிக் குடுத்தது."

அவர் மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என் பொண்ணு முன்னைக்கு இப்ப ரொம்ப அழகாயிட்டா சம்பந்தி," என்றார். குரல் சரியாக வரவில்லை. பெருமை தாங்காமல்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒருமுறை அவள் என்னிடம் வரம்பு மீறினாள். தாடைக்குக் கீழே மஞ்சளை ஒற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எவ்வளவு பொறுமையா செய்யறீங்க அத்தை. அவரு கையை ஒரே ஒரு தடவை பிடிச்சிருந்தா உங்களுக்கு இவ்வளவு வேலை இல்லையே."

"முகத்தை அசைக்காதே," என்றேன்.

இனி அந்த நாள். விடுமுறை நாள், மதியம். மகன் ஃபோன் செய்தான். "அம்மா, கொஞ்சம் மேல வந்துட்டுப் போ. பெட்டியையும் எடுத்துட்டு வா." அவர்கள் வீடு என் வீட்டுக்கு மேல் மாடி. பெட்டி என்றால் என் ஒப்பனைப் பெட்டி. அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் படுக்கையறையில் தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பை. அதன் வாயில் நீச்சல் உடை தெரிந்தது. எனக்குத் தெரியாமல் குளத்தில் மறுபடி வேலை கேட்டிருக்கிறாள், கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் சேர வேண்டும். கையிலும் முதுகிலும் பழைய அடையாளங்கள் இருந்தன. மூடிக்கொண்டு போ என்று இவன் சொல்லியிருக்கிறான். "மூடாமத்தான் போவேன். குழந்தைங்க கேட்டா சொல்லுவேன்," என்றாளாம்.

"கொஞ்சம் அதிகமாயிடுச்சும்மா," என்றான் மகன். அவன் கை நடுங்கியது. நாளைக்கு அந்தக் கையால்தான் பல் பிடுங்க வேண்டும். நீ கீழே போய் முகம் கழுவிக்கொண்டு படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். அவன் போனான். அவன் போகும்போது அவள் உயிரோடு இருந்தாள். இதைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்பீர்கள். அதனால் சாட்சி தருகிறேன். சாட்சி அவள் கழுத்திலேயே இருந்தது. உங்கள் டாக்டர் அதைப் பஞ்சில் துடைத்து எடுத்துவிட்டு, அதன் அர்த்தம் தெரியாமல் விட்டுவிட்டார்.

வெளிறிப்போன கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது, அதனால்தான் சந்தேகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கற்றுக்குட்டி செய்த வேலை என்று உங்கள் ஆட்களில் ஒருவர் சிரித்தாராம். அவள் கழுத்தில் அப்போது இருந்தது சிவப்பு. சிவப்புக்குப் பச்சை என்று என்னிடம் பழகும் பெண்ணுக்கு முதல் நாளே தெரியும். நான் ஏன் ஆரஞ்சை வைத்தேன்?

மருத்துவமனைக்குப் போனால் மறுநாள்வரை வைத்திருப்பார்கள். அவள் அப்பா வருவார். அங்கே என்னால் மறுபடி பெட்டியைத் திறக்க முடியாது. மறுநாள் அந்தச் சிவப்பு நீலமாகும். அப்போது அடியில் இருக்கும் ஆரஞ்சு அந்த நீலத்தை விழுங்கிவிடும், கழுத்து சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் லேசான சிவப்பு தெரிந்தாலும் ஒவ்வாமை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் எப்போதும் நாளைய நிறத்துக்குத்தான் பூசுவேன். செத்தவர்களுக்கு நாளைய நிறம் கிடையாது. ரத்தம் நின்றால் காயம் நின்ற இடத்தில் நிற்கும், தோல்தான் வெளுக்கும். பிணத்துக்கும் உயிருள்ள உடம்புக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை நான். அவளுக்கு நாளை இருந்தது என்று தெரிந்துதான் ஆரஞ்சை எடுத்தேன். ஆகவே என் மகன் அவளைக் கொல்லவில்லை.

அப்படியானால் யார் என்று கேட்பீர்கள். சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் மூச்சில் ஒரு விசில் சத்தம் இருந்தது. தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டிருந்தது. நான் கழுத்தில் தொட்டபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "அத்தை, ஆம்புலன்ஸ்."

"கூப்பிடறேன். இந்தக் கழுத்தோட ஸ்ட்ரெச்சர்ல போனா கட்டடமே பால்கனியில நிக்கும். கொஞ்சம் பொறு. பேசாதே, கழுத்து அசையுது."

என் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. எட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரலில் பூச்சு இருந்ததால் எடுக்கவில்லை. அவள் அப்பா என்று பிறகு பார்த்தேன்.

கழுத்தை முடித்தேன். இதுவரை நான் செய்தது எந்த மாமியாரும் செய்யக்கூடியது. அப்போதே கையைத் துடைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். உங்கள் டாக்டரும் அதைத்தான் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

நான் கூப்பிடவில்லை. அவள் முகத்துக்குப் போனேன். முகத்தில் ஒரு காயமும் இல்லை, இன்ஸ்பெக்டரம்மா. மறைக்க அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் புருவத்தைச் சீவினேன். கன்ன எலும்புக்கு நிழல் வைத்தேன். மூச்சின் விசில் மெலிந்துகொண்டே வந்தது. அமைதியாகிவிட்டாள் என்று நினைத்தேன் என்று எழுதலாம், அது பொய். அது என்னவென்று எனக்குத் தெரியும். பிழைத்தால் அவள் குளத்துக்குப் போவாள், குழந்தைகள் கேட்பார்கள், அவள் சொல்வாள். உதடு நீலம் பாரித்தது. நீலத்துக்கும் ஆரஞ்சுதான். முதலில் அதை ஒற்றி, அதன் மேல் அவளுக்குப் பிடித்த அடர் சிவப்பை வைத்தேன்.

ஆகவே கொன்றது நான். கையால் அல்ல, தூரிகையால். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாரும் கொலை செய்ததில்லை என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கடைசி வரை கண்ணை இமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை அவ்வளவு நம்பிய பெண் வேறு யாரும் இல்லை.