மேல் கோடு

இருங்க, இருங்க. அவசரப்பட்டு ஆயில் அளக்கற கம்பிய உருவாதீங்க பச்சியப்பண்ணா. மொதல்ல வண்டி மட்டமா நிக்குதான்னு பாருங்க. ஒரு சொம்புத் தண்ணிய டயர்கிட்ட ஊத்துங்க. எந்தப் பக்கமாச்சும் ஓடுதா? ஓடல. என் ஷெட்டு தரை அது, நானே நூல் புடிச்சி சிமிட்டி போட்டன்.

தாவூது பாய் வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ஒருவாட்டி பாத்துக்கலாம், அவ்வளவுதான். தர்மபுரியில அவர மிஞ்சின மெக்கானிக்கு கெடையாது. அவரு சொல்ற வார்த்தைக்கு நானும் கட்டு, நீங்களும் கட்டு. அப்படித்தானே பேச்சு? நான் குடுத்த வாக்க மறக்கல. வண்டிய உங்களுக்கு வித்தப்ப காரிமங்கலம் சந்தையில, அத்தன சனத்துக்கு முன்னால, பாய சாட்சி வச்சிச் சொன்னன். ஆயில் கொறையாம ஓட்டுனா ஆறு மாசத்துக்கு இஞ்சினுக்கு இந்த ராஜப்பன் பொறுப்பு, புடிச்சிக்கிட்டு ஓடாம நின்னுடுச்சின்னா வேற இஞ்சின் எறக்கித் தரன். ஆயில் இல்லாம ஓட்டியிருந்தா அது உங்க தலையெழுத்து. ரெண்டையும் சேத்துத்தான சொன்னன்?

மொரப்பூர் ரயிலுக்கு வந்த சவாரிய, இஞ்சின் புடிச்சி நின்னதும் நடு மேட்டுல எறக்கி வுட்டீங்களாமே. பொட்டி படுக்கையோட அவங்க நடந்து போனாங்களாம். ஊரே பேசுது.

சரி, சொல்லுங்க. எந்நேரத்துக்கு ஆயில் பாப்பீங்க? காத்தால, வண்டி எடுக்கறதுக்கு முன்னாலயா? அதான் சரி. ஓட்டிட்டு வந்த சூட்டுல நிறுத்தினதும் உருவிப் பாப்பானுங்க சில பேரு, ஆயிலு கீழ எறங்கியே இருக்காது. கொறையுதுன்னு சொல்லி இன்னும் ஒரு டின்ன ஊத்திப்புடுவானுங்க. தொடைக்கற துணி? ராமக்காளோட பழைய சீலயா? நல்லது, நூலு உதுராது. மொதவாட்டி உருவறது கணக்கில்ல. தொடச்சி, அடி வரைக்கும் அழுத்திச் சொருவி, மறுக்கா உருவிப் பாக்கணும். அதுவும் செஞ்சீங்களா? ஒரு நாளு கூட வுடாமயா? ராமக்காளே சாட்சியா. பொண்டாட்டி சாட்சி எந்தக் கோர்ட்டுல செல்லும்? சிரிங்கண்ணா, கொஞ்சம்.

என்னா சொன்ன? ஏமாத்திட்டனா? வாய அளந்து பேசு. என் ஷெட்டுல நின்னுக்கிட்டு என்னயே சொல்றயா? இன்னொருவாட்டி அந்த வார்த்த வந்திச்சி, பாயும் வேணாம் ஒரு மயிரும் வேணாம், வண்டிய ரோட்டுல தள்ளி வுட்டுடுவன்.

சரி வுடுங்க. கெணத்து மேட்டு நெலத்த வித்து வண்டி வாங்குன ஆளு, வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் கோவம் மூக்கு மேல. இப்ப உருவுங்க. தொடைங்க. சொருவுங்க. நல்லா அழுத்துங்க. ம், உருவுங்க. வெளிச்சத்துல காட்டுங்க.

அட. மேல் கோடு வரைக்கும் நனைஞ்சிருக்குது. சொட்டு கொறையல. ஒத்துக்கறன்ணா, நீங்க சொன்னது நெசந்தான். இப்பத்தான் உங்க மூஞ்சியில ரத்தமே ஓடுது. வேற இஞ்சின் எறக்க வேண்டியதுதான், வேற வழி?

கம்பிய இப்படிக் குடுங்க, நான் சொருவிக்கறன். உங்க கையப் பாருங்க, மொழங்கை வரைக்கும் ஆயிலு. பாய் வெள்ளச் சட்டக்காரரு, வந்ததும் கையப் புடிப்பாரு. ஷெட்டுக்குப் பின்னால தொட்டி இருக்குது, சோப்பும் கெடக்குது. போங்க. நான் என்னா கம்பிய தின்னுடப் போறனா?

...

கழுவியாச்சா. அந்த டயரு மேல குந்துங்க. பீடி வேணுமா?

இந்தத் தொழிலு எனக்கு யாரும் சொல்லித் தரலண்ணா. அறுவத்தி ரெண்டுல பெங்களூர்ல ஒருத்தன்கிட்ட மொத வண்டி வாங்குனன். கியர் சத்தமே இல்ல, வெண்ண மாதிரி வுழுவுது. தொப்பூர் எறக்கத்துல கியர் பொட்டி ஒடஞ்சி தெறிச்சிது. தெறந்து பாத்தா உள்ள பூரா மரத்தூளு. சத்தத்த அமுக்கறதுக்குப் போட்டிருக்கான் படுபாவி. திரும்பிப் போயி கேட்டன். கன்னடத்துல என்னமோ சொல்லிச் சிரிச்சான். அங்க இருந்தவனுங்களும் சிரிச்சானுங்க. நான் அழுவல. அவன் எப்படிச் செஞ்சான்னு மட்டும் மனசுல எழுதி வச்சிக்கிட்டன்.

உங்க வண்டியும் எனக்கு அப்படி வந்ததுதான். ஆயிலக் குடிக்கற இஞ்சினு. மேல் கோடு வரைக்கும் ஊத்துனா கருமாதி ஊதுபத்தி மாதிரி பொகையுது. கொறச்சி வச்சா பொகையே இல்ல. ஆனா கொறச்சி வச்சா, வாங்க வர்றவன் கம்பிய உருவினதும் தெரிஞ்சிடுமில்ல? ஆறு வாரம் விக்க முடியாம இந்தத் தரையிலயே நின்னுது.

அப்ப ஒரு பழைய வேன ஒடச்சன். அதோட கம்பி இந்த வண்டிக் கம்பிய வுட ரெண்டு வெரக்கட நீளம். இதுல சொருவினா அடியில போயி நிக்கும். பாதி ஆயிலு இருந்தாலே மேல் கோடு நனைஞ்சிடும். ஆயில் கொறஞ்சா டேஷ் போர்டுல எரியற லைட்டு எரியவே இல்லன்னு சொன்னியே, பல்பு இருந்தாத்தான எரியும்?

எந்திரிக்காத. குந்து.

கம்பியப் பாக்காதவன்கிட்ட இந்த வண்டிய வித்திருக்க முடியாது பச்சியப்பா. அவனுங்க மாசத்துக்கு ஒருவாட்டி ரெண்டு டின்ன ஊத்துவானுங்க, பொகையும், ஒடனே வந்து என் சட்டையப் புடிப்பானுங்க. தெனம் காத்தால சீலத் துணி எடுத்துத் தொடச்சி, கோடு பாத்து, அளவா ஊத்தற ஆளு வேணும். சந்தையில நீ தக்காளிக் கூடைய ஒன்னொன்னா பொறுக்கிக்கிட்டு நின்ன பாரு, அப்பவே உன்னக் குறிச்சி வச்சிட்டன்.

அந்த நீளக் கம்பியத் தேடாத. அங்க இல்ல. அது செவுத்துக்கு அந்தப் பக்கம் கெணத்துல கெடக்குது. கை கழுவறப்ப டபக்குன்னு ஒரு சத்தம் கேட்டிருக்குமே. தவளன்னு நெனச்சிருப்ப. இப்ப வண்டியில இருக்கறது அந்த வண்டிக்கே சொந்தமான கம்பி. ரெண்டு மாசமா என் மேஜ டிராயர்லதான் இருந்திச்சி. உருவிப் பாத்தா நுனியில பொட்டு மாதிரி நனைஞ்சிருக்கும். ஆயில் இல்லாம ஓட்டியிருக்கான்னு ஒரு கொழந்த கூடச் சொல்லும்.

சொல்லேன், பாய்கிட்டயே சொல்லு, கம்பிய மாத்திட்டான்னு. தெனம் தொட்ட கம்பி மாறுனது உனக்கே தெரியலயான்னு கேப்பாரு.

ஏன் உங்கிட்ட இதச் சொல்றன்னு பாக்கறயா? நாம எங்க தப்புப் பண்ணம்னு நீ சாவற வரைக்கும் கொழம்பக் கூடாது பாரு. நீ ஒரு தப்பும் பண்ணல. இத்தன வண்டி வித்ததுல உன்ன மாதிரி சுத்தமா ஆயில் பாத்த ஆள நான் பாக்கல.

அந்தா, பாயோட மோட்டார் சைக்கிள் சத்தம். கண்ணத் தொடச்சிக்க.

வாங்க பாய், வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கம். நான் எதையும் தொடல, அண்ணனே உருவிக் காட்டட்டும். பச்சியப்பண்ணா, துணி இந்தாங்க. மொதல்ல தொடச்சி, அடி வரைக்கும் அழுத்திச் சொருவி உருவுங்க, தெனம் செய்யற மாதிரியே.