‘லாம்’ என்ற இரண்டெழுத்தோடு மல்லுக்கு நின்றவர்

அஞ்சாமையை அணியாகவும் அயராமையைத் துணையாகவும் கொண்டு, அனந்தபுரி விண்கலச் சிறுதொழிலகக் கூட்டமைப்பின் கொள்கைப் பிரிவைக் கால் நூற்றாண்டு கட்டிக் காத்து, இன்று பணி நிறைவு காணும் எங்கள் பத்மஜா அம்மையாரின் பெருமையை அவையோர்க்கு எடுத்தியம்பும் மடல்!

அவையோர்க்கு என்றதும் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். மடல் என்றால் பாராட்டப்படுபவரை விளித்து எழுதுவதுதான் முறை. ஆனால் நாங்கள் மடல் எழுதும் செய்தி காதில் விழுந்த அன்றே அம்மையார் எங்கள் அறைக்கு வந்து, “மொகத்துக்கு நேரா ஸ்தோத்ரம் பாடினா நான் எழுந்து ஆத்துக்குக் கரமனை பஸ் ஏறிடுவேன், கேட்டேளா” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிறவர். ஆகவே அவரை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி உங்களிடம் பேசுகிறோம். கேட்டுக்கொண்டிருப்பது அவர் பாடு.

சான்றோர்களே! விண்ணை அளக்கும் செயற்கைக்கோளின் வயிற்றுக்குள் ஓடும் கம்பிப் பின்னல்களும், அதன் எலும்பைப் பூட்டிப் பிடிக்கும் உலோகத் துண்டுகளும் இந்த ஊரின் சிறு கூடங்களிலும் உருவாகின்றன. செய்த பொருளை அதிர்வு மேடையில் ஏற்றிக் குலுக்கி, வெற்றிட அறையில் வைத்து வாட்டிச் சான்று பெறாமல் எவரும் வாங்க மாட்டார்கள். எங்களைப் போன்றோருக்கு எட்டும் தொலைவில் அந்த மேடையும் அறையும் அரசிடமே உள்ளன. தேசிய விண்வெளிக் கொள்கையின் திருத்த வரைவு வெளிவந்தபோது, அவற்றைத் தனியார் தொழிலகங்களுக்கு வழங்கலாம் என்று ஒரு வரி அதில் இருந்தது.

அந்த வரியை நாங்கள் கொண்டாடிய கதையை மறைப்பதற்கில்லை. வரைவோடு வந்த மலையாளக் குறிப்பில் அது ‘நல்காம்’ என்று இருந்தது. மலையாளப் பள்ளியில் படித்த எங்கள் பொறியாளர் பிரஜின் அதைப் படித்துவிட்டு, வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அறிவித்தார். மலையாளத்தில் ஒருவர் ‘நல்காம்’ என்றாலும் ‘தராம்’ என்றாலும் தருகிறேன் என்று பொருள். நாங்களும் நம்பினோம், மைசூர்பாகு வாங்கினோம், வரவேற்பு அறிக்கைகூட எழுதிவிட்டோம். அம்மையார் மட்டும் தட்டைத் தொடவில்லை. “அம்மா கொழந்தைகிட்ட தராம்னா கிட்டும். சர்க்கார் தராம்னா, தரலாம், தராமலும் இருக்கலாம். அதுக்கா மைசூர்பா?” என்றார். அறிக்கை குப்பைக்கூடைக்குப் போனது. மைசூர்பாகு போகவில்லை, தின்றுவிட்டோம்.

அவருடைய சினம் வெறும் இலக்கணச் சினம் அன்று. குளச்சலிலிருந்து விழிஞ்ஞத்துக்கு வாழ வந்த ஜெபமலர், அங்கே சில பெண்களைச் சேர்த்துக் கம்பிப் பின்னல் கூடம் நடத்துகிறார். பழைய விதியிலும் இதே ‘லாம்’தான் இருந்தது. அதை நம்பி அவர் சோதனைக்கு விண்ணப்பித்தார், காத்திருந்தார், காத்திருந்த காலத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். பாதிக் கூடத்தைப் பூட்டிவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் சொன்னது இவ்வளவுதான்: “தரமாட்டோம்னு ஒருத்தரும் சொல்லல்ல மேடம். தரவும் இல்ல.” அன்றிலிருந்து அம்மையாருக்கு வேறு வேலை இல்லை. வழங்கலாம் என்பது வழங்க வேண்டும் என்று மாற வேண்டும், இன்ன காலத்துக்குள் என்று கெடுவும் விதிக்க வேண்டும். மீதிக் கூடமாவது பூட்டாமல் இருக்க அதுவே வழி என்றார்.

தம்பானூர் ஓட்டல் ஒன்றில் கருத்துக்கேட்பு அமர்வு நடந்தது. தலைமை தாங்கியவர் தமிழறிந்த அதிகாரி, கனிவானவர். “நல்லெண்ணத்தோட எழுதினதும்மா. எங்களுக்கு ரெண்டு வார்த்தையும் ஒண்ணுதான்” என்றார். அம்மையார் உட்காராமலே, “ஒண்ணுதான்னா மாத்திடுங்கோ சார். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே” என்றார். அவை சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை, முடிவு சொல்லாமல் அமர்வைத் தள்ளி வைத்தார்.

அதன்பின் நம் நிர்வாகக் குழு செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும், குழுவினர் இதே மேடையில் அமர்ந்திருந்தாலும். இருக்கிற வரைவே போதும் என்று சம்மதம் எழுதித் தரச் சொன்னார்கள். அம்மையார் மறுத்தார். அமர்வு முடியும்வரை பணி நீட்டிப்புக் கேட்டார். மறுத்தார்கள். தொல்லை விட்டது என்று சிலர் மூச்சு விட்டது எங்கள் அறைவரை கேட்டது. எங்களுக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

இம்மடலை வாசிக்குமுன் நிர்வாகத்திடம் காட்டலாம் என்று சுற்றறிக்கை வந்தது. காட்டலாம் என்றுதானே இருக்கிறது, ஆகவே காட்டவில்லை. அம்மையாருக்கு அளிக்கப்பட்ட ஆணையையும் அவரிடம் கற்ற கண்ணோடு படித்துப் பார்த்தோம். ‘இம்மாத இறுதியுடன் தாங்கள் பணி ஓய்வு பெறலாம்’ என்கிறது அது. பெறலாம்!

கையெழுத்திட்ட பெரியோர்களே, அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் நீங்கள். தள்ளி வைத்த அமர்வு நாளைக் காலை அதே ஓட்டலில் கூடுகிறது. உறுப்புத் தொழிலகம் எதற்கும் தனக்காகப் பேச ஒருவரை அனுப்ப உரிமை உண்டு. ஜெபமலர் தம் கூடத்தின் சார்பில் பத்மஜா அம்மையாரின் பெயரைக் கொடுத்துவிட்டார். மேசையும் நாற்காலியும் உங்களுடையவை, வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் அவர் பின்னால் அமர்ந்திருப்போம்.

அம்மா, முறை மீறி உங்களை ஒரே ஒரு முறை விளிக்கிறோம், எழுந்து பஸ் ஏறிவிடாதீர்கள். நோயின்றி, நோவின்றி, குரல் குன்றாமல் நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும். இம்மடலின் முதல் படியில் பிரஜின் ‘வாழலாம்’ என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டோம்.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
கூட்டமைப்பின் அலுவலர்கள்,
திருவனந்தபுரம்.