துடைத்த கண்ணாடியும் அறுபத்து மூன்றும்

பட்டறை உரிமையாளர் நாராயணசாமி அவர்களே, மறைந்த புருஷோத்தமன் அண்ணனின் துணைவியார் அஞ்சலாட்சி அண்ணி அவர்களே, முதலியார்பேட்டைப் பெருமக்களே, தகடு பற்றவைக்கும் வெற்றிச்செல்வனின் வணக்கம். இரங்கல் கூட்டத்தில் ஒருவன் இத்தனை பரபரப்போடு மைக்கைப் பிடிக்கலாமா? பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

நம் சோதனைப் பொறுப்பாளர் புருஷோத்தமன் அண்ணன் யார்? நாங்கள் செய்யும் சோலார் வெந்நீர்த் தகடுகளை மொட்டை மாடியில் வைத்து, எவ்வளவு வெயில் விழுகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் கம்ப்யூட்டரில் பதிந்தவர். விழும் வெயிலில் நூற்றுக்கு அறுபது பங்காவது தண்ணீரில் ஏற வேண்டும். இல்லையென்றால் விடுதிகளின் ஆர்டர் கிடையாது, எங்கள் பதினொரு பேருக்கும் வேலை கிடையாது.

சித்திரையில் கம்ப்யூட்டர் எழுபத்தொன்று காட்டியது. லட்டு வாங்கிவிட்டோம்! அண்ணன் மட்டும் லட்டைத் தொடாமல் மாடியேறினார். வெயிலை அளக்கும் கருவியின் கண்ணாடிமேல் கடற்காற்றின் உப்பு, காக்கை எச்சம். "வெயில கொறச்சு அளந்துட்டு நம்ம தகட்டப் பெருசா பேசிக்கறோம்யா" என்று துடைத்தார். எண் ஐம்பத்து நாலுக்கு இறங்கியது. தன் பட்டறைப் பொருளைத் தானே தோற்கடித்த மனிதரைப் பார்த்ததுண்டா? இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. தகட்டைப் பிரித்து, சூடு வெளியேறாமல் காக்க உள்ளே வைத்த பஞ்சு ஈரம் கோத்திருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரேதான்.

மாற்றிய தகட்டுக்குப் பன்னிரண்டு நாள் சோதனை. ஐந்தாம் நாள் மாலை நெஞ்சுவலி. அண்ணன் போய்விட்டார். நாங்கள் மாடியையே மறந்தோம், கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை முடிவு வந்தது. அறுபத்து மூன்று! துள்ளினேன், உடனே பயந்தேன். ஏழு நாளாகக் கண்ணாடியைத் துடைத்தது யார்? அழுக்கென்றால் இந்த எண்ணும் பொய். மாடிக்கு ஓடினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

வாட்ச்மேன் பலராமன் சொன்னார்: "அஞ்சலாட்சி அக்காதான். நெல்லித்தோப்புலேர்ந்து தெனம் காலைல வந்து தொடச்சுட்டுப் போறாங்க."

கருமாதிகூட முடியாத வீட்டிலிருந்து! ஏன் அண்ணி என்று கேட்டேன். "அவரு இருந்தா கேப்பாருல்ல, தொடச்சாச்சான்னு" என்றார்.

புருஷோத்தமன் அண்ணனே, அறுபத்து மூன்று உண்மை. உங்கள் தகடு தேறிவிட்டது. கண்ணாடியைத் துடைக்காமல் எந்த எண்ணையும் இந்தப் பட்டறை இனி நம்பாது. நாளை காலை ஆறு மணிக்கு மாடியில் நான் நிற்பேன்.

அண்ணி, அந்தத் துணியை இனி என்னிடம் கொடுங்கள்.